ஆஸ்பெர்கர் பெயரை ஏன் எடுத்தார்கள்? (நாஜி ஆட்சியில் குழந்தை மருத்துவம்)

வார்டு நாலு எழுதியது:

வணக்கம். நான் குழந்தை மருத்துவத்தில் பிஜி இரண்டாம் வருடம். இன்று ஓபியில் ஒரு அப்பா, பையனுடைய பழைய ஃபைலை மேசையில் விரித்து வைத்து, “அப்போ ஆஸ்பெர்ஜர்னு எழுதிக் கொடுத்தாங்க, நீங்க ஆட்டிசம்னு எழுதுறீங்க. எது சார் சரி?” என்று கேட்டார். பிள்ளைக்கு இருப்பது மாறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனதும் பக்கத்தில் இருந்த சீனியர், “அந்த டாக்டர் நாஜி. அதான் பேரையே தூக்கிட்டாங்க” என்றார்.

நிஜமா இது? எங்கள் பாடப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இங்கே வரலாறு படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

கூடல்நகரான் எழுதியது:

தம்பி, உங்கள் சீனியர் சொன்னது பாதிக் கிணறு.

ஹான்ஸ் ஆஸ்பெர்கர் (ஜெர்மனில் ‘கர்’தான், நாம்தான் ‘ஜர்’ ஆக்கிவிட்டோம்) நாஜிக் கட்சியில் உறுப்பினர் அல்ல. கட்சியைச் சுற்றியிருந்த துணை அமைப்புகள் சிலவற்றில் சேர்ந்திருந்தார், அவ்வளவுதான். பெயர் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் கட்டுரை எழுதியது 1944இல். அதைத் தேடியெடுத்து ‘ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்’ என்று பரப்பியவர் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1981இல். 2013இல் டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியல் கையேடு) வந்தபோது அதை எடுத்தார்கள். எது ஆஸ்பெர்கர், எது ஆட்டிசம் என்று பிரிப்பதில் ஒரு மருத்துவர் சொன்னதை இன்னொருவர் சொல்வதில்லை, ஆகவே எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். வியன்னா ஆவணங்களைத் தோண்டி ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் விரிவாகக் கட்டுரை எழுதியது 2018 ஏப்ரலில். அதாவது பெயர் போய் ஐந்து வருடம் கழித்து.

ஆனால் அந்தக் கட்டுரையில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. 1941 ஜூனில் ஆஸ்பெர்கரிடம் ஒரு பெண் குழந்தையைக் கொண்டு வருகிறார்கள். இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை, மூளைக் காய்ச்சல் வந்து தேறியதிலிருந்து வளர்ச்சி நின்றுபோயிருக்கிறது. வீட்டில் இன்னும் ஐந்து பிள்ளைகள். ஆஸ்பெர்கர் எழுதிய குறிப்பின் சாரம் இது: ஐந்து ஆரோக்கியமான பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய தாய்க்கு இந்தக் குழந்தை தாங்க முடியாத பாரம், ஷ்பீகல்கிரண்டில் நிரந்தரமாகச் சேர்ப்பது முற்றிலும் அவசியம். ஜூலை 1 அன்று சேர்த்தார்கள். செப்டம்பர் 2 அன்று குழந்தை இறந்துவிட்டது. முந்தைய நாள்தான் அதன் மூன்றாவது பிறந்தநாள். காரணம்: நிமோனியா.

ஷ்பீகல்கிரண்ட் என்பது வியன்னாவின் ஷ்டைன்ஹோஃப் மனநல மருத்துவமனை வளாகத்துக்குள் 1940 ஜூலையில் திறந்த குழந்தைகள் பிரிவு. அங்கே இறந்தவர்கள் 789 பேர்.

எதிர்க்கேள்வி எழுதியது:

நான் படித்தது வேறு. ஆஸ்பெர்கர் தன் குழந்தைகளின் திறமைகளைப் பெரிதாக எழுதி அவர்களைக் காப்பாற்றினார், கெஸ்டபோ, அதாவது நாஜி ரகசியப் போலீஸ், அவரைப் பிடிக்கவே வந்தது என்று. அப்புறம் ஒரு டாக்டர் ஒரு ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்தார் என்பதை வைத்துக் கொலைக்கு உடந்தை என்பதா? அங்கே என்ன நடக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் என்ன செய்வார்? சர்வாதிகாரம் ஐயா. மாட்டேன் என்றால் குண்டுதான். ஏசி அறையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவது சுலபம்.

கூடல்நகரான் எழுதியது:

எதிர்க்கேள்வி, கேள்விகள் நியாயமானவை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

கெஸ்டபோ வந்த கதை. போருக்கு வெகுகாலம் கழித்து அவரே சொன்னது, அவர் வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரம் கிடைக்கவில்லை. வந்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? அவருடைய தலைவர் ஃபிரான்ஸ் ஹாம்புர்கர், வியன்னா பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவமனையின் இயக்குநர், அப்பட்டமான நாஜி. காப்பாற்றியது அந்தக் கை என்றால் அதுவே ஒரு தகவல்தானே.

அவருக்குத் தெரியுமா? ஷ்பீகல்கிரண்டின் முதல் தலைவர் எர்வின் யெகெலியுஸ், ஆஸ்பெர்கரின் பழைய சகா. 1941இல் வியன்னாவில் சிறப்புக் கல்விக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதில் யெகெலியுஸ் தலைவர், ஆஸ்பெர்கர் துணைத்தலைவர்களில் ஒருவர். அந்த இலையுதிர்காலத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட துண்டறிக்கையில் யெகெலியுஸின் பெயரும் ஊசி போடுகிற ஆள் என்ற அடையாளமும் இருந்தன. ஊருக்கே தெரிந்தது ஒரே சங்கத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்குத் தெரியாது என்றால், அதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று வாதாடுகிற ஆய்வாளர்கள் இன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

1942 பிப்ரவரியில் இன்னொன்று. குகிங் என்ற ஊரில் இருந்த விடுதிக்கு ஏழு பேர் குழு போய், இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கோப்புகளைப் பார்த்துத் தரம் பிரித்தது. முப்பத்தைந்து பேர் ‘கற்பிக்க முடியாதவர்கள்’. அந்த முப்பத்தைந்து பேரும் ஷ்பீகல்கிரண்டில் இறந்தார்கள். குழுவில் ஆஸ்பெர்கரும் ஒருவர். திறமைகளைப் பெரிதாக எழுதினார் என்பது புத்திசாலிக் குழந்தைகள் விஷயத்தில் உண்மை. மற்ற சிலருக்கு ஷ்பீகல்கிரண்ட் மருத்துவர்கள் எழுதியதை விட அவர் எழுதியது கடுமையாக இருந்திருக்கிறது.

குண்டு விஷயத்துக்குத் தனியாக வருகிறேன். அதில் நிறைய இருக்கிறது.

வார்டு நாலு எழுதியது:

சார், ஒரு சந்தேகம். நிமோனியா என்று எழுதினார்கள் என்கிறீர்கள். அது பொய்ச் சான்றிதழா?

ஓய்வுபெற்ற ஸ்டெத் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். முப்பத்தேழு வருடம் குழந்தைகள் வார்டில் இருந்தவன்.

பொய் இல்லை தம்பி. அதுதான் இதில் வயிற்றைப் புரட்டுகிற இடம். அவர்கள் கொடுத்தது லூமினால், நம்முடைய ஃபீனோபார்பிடோன். 1912இலிருந்து கடையில் கிடைக்கிற வலிப்பு மருந்து. ஒரேயடியாக விஷம் மாதிரிக் கொடுப்பதில்லை. அளவுக்குக் கொஞ்சம் மேலே, தினமும், உணவில் கலந்து. குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும். மூச்சு மேலோட்டமாகும். இருமல் வராது. சளி அடியில் தங்கும். திரும்பிப் படுக்காது, பால் குடிக்காது. சில நாட்களில் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா கட்டும், காய்ச்சல் வரும், போய்விடும். சான்றிதழில் நிமோனியா என்று எழுதுகிற மருத்துவர் அந்த ஒரு வார்த்தையைப் பொறுத்தவரை உண்மையைத்தான் எழுதுகிறார். பிரேதப் பரிசோதனை செய்தாலும் நிமோனியாதான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கொலைகாரனால் முடியாது. குழந்தைக்கு மயக்க மருந்து கூடிப்போனால் என்ன ஆகும் என்று வார்டில் பார்த்துப் பயந்தவனுக்குத்தான் இது தெரியும்.

வார்டு நாலு எழுதியது:

நேற்று இரவு இரண்டரைக்கு என்ஐசியுவில் (பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு), பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கு வலிப்பு. எடை 2.6 கிலோ. கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஆக 52 மில்லிகிராம் ஃபீனோபார்ப். கணக்கை நானும் சிஸ்டரும் தனித்தனியாகப் போட்டு ஒத்துப் பார்த்துவிட்டு மெதுவாக ஏற்றினோம். ஏற்றி முடிக்கும்வரை வார்மர் பக்கத்திலேயே நின்று அந்த நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். மூச்சு குறைந்தால் உடனே பை வைத்து அழுத்தத் தயாராக.

அதே மருந்து. நான் எதற்காக எண்ணினேனோ அதே குறைதலுக்காக அவர்கள் காத்திருந்தார்கள். இன்று காலையிலிருந்து மனசு சரியில்லை.

வெள்ளைக்காக்கை எழுதியது:

இவ்வளவு பேசுகிறோம், யானுஷ் கோர்சாக்கைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. அவரும் குழந்தை மருத்துவர்தான். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் அநாதை இல்லம் நடத்தியவர். 1942 ஜூலையில் தன் பிள்ளைகளை வைத்துத் தாகூரின் ‘தபால் நிலையம்’ நாடகம் போட்டார். மூன்று வாரத்துக்குள் அந்தப் பிள்ளைகளோடேயே த்ரெப்ளின்கா கொலை முகாமுக்குப் போகும் ரயிலில் ஏறினார்.

கூடல்நகரான் எழுதியது:

காக்கை, கோர்சாக் பெரிய மனிதர். ஆனால் அவரைக் கொண்டு வந்தால் நாம் எல்லோரும் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மனம் லேசாகி எழுந்து போய்விடுவோம். எனக்கு இந்த இழையில் அழுகையை விடப் படிவம் முக்கியம். அதைப் பார்த்துவிடுவோம்.

1939 ஆகஸ்ட் 18. போர் தொடங்க இரண்டு வாரம். பெர்லின் உள்துறை அமைச்சகத்திலிருந்து ‘மிக ரகசியம்’ என்று ஒரு சுற்றறிக்கை. மருத்துவச்சிகளும் மருத்துவர்களும் கீழ்க்கண்ட குறைபாடுகள் உள்ள மூன்று வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் தெரிவிக்க வேண்டும்: மனவளர்ச்சிக் குறைவு, டவுன் சிண்ட்ரோம், சிறிய தலை, நீர் கோத்த தலை, கை கால் இல்லாமை, முதுகுத்தண்டுப் பிளவு, வாதம். மருத்துவச்சிக்கு ஒரு படிவத்துக்கு 2 மார்க் கூலி. படிவம் சுகாதார அலுவலகம் வழியாகப் பெர்லினில் ஒரு தபால் பெட்டி எண்ணுக்குப் போகும். அனுப்புகிறவருக்கு அது ஏதோ விஞ்ஞானக் குழு. பெயரே ‘கடுமையான பரம்பரை, பிறவி நோய்களை அறிவியல் முறையில் பதிவு செய்யும் ரைஷ் குழு’. பின்னால் இருந்தது ஹிட்லரின் தனி அலுவலகம்.

அங்கிருந்து படிவம் மூன்று நிபுணர்களுக்குப் போகும். வெர்னர் காடெல், லைப்சிக் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவப் பேராசிரியர். எர்ன்ஸ்ட் வென்ட்ஸ்லர், பெர்லினில் சொந்த மருத்துவமனை நடத்திய குழந்தை மருத்துவர். ஹான்ஸ் ஹைன்ட்சே, மனநல மருத்துவர். மூவரும் குழந்தையைப் பார்ப்பதில்லை. படிவத்தில் கூட்டல் குறி போட்டால் சாவு, கழித்தல் குறி போட்டால் உயிர். ஒருவர் போட்ட குறி அடுத்தவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிதான் தாள் சுற்றிவரும். முதல் ஆள் கூட்டல் போட்டிருந்தால் மூன்றாவது ஆளுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மூன்று கூட்டல் விழுந்தால் குழந்தையை ‘சிறப்புக் குழந்தைகள் பிரிவு’க்கு மாற்றச் சொல்லி உத்தரவு வரும். அப்படி முப்பதுக்கு மேல் பிரிவுகள், ஏற்கனவே இருந்த மருத்துவமனைகளுக்குள்ளேயே. வயது வரம்பு போகப்போகப் பதினாறு வரை ஏறியது. குறைந்தது 5,000 குழந்தைகள். பெரியவர்களை எரிவாயுவால் கொன்ற திட்டத்தை 1941 ஆகஸ்டில் நிறுத்தினார்கள், அதைக் கண்டித்து பிஷப் ஃபான் காலன் செய்த பிரசங்கத்துக்குப் பிறகு. குழந்தைகள் திட்டம் நிற்கவே இல்லை. புகைபோக்கியில் புகை இல்லை, வார்டில் நிமோனியா. யார் கேட்பது?

இதில் வென்ட்ஸ்லர் குறைமாதக் குழந்தைகளுக்காக ஒரு இன்குபேட்டர் வடிவமைத்தவர். வாழவைக்கும் பெட்டியைச் செய்த கையும் கூட்டல் குறி போட்ட கையும் ஒன்றுதான். ஒருவேளை அவருக்கு இரண்டும் முரணாகவே தெரியவில்லை என்று நினைக்கிறேன். தேறக்கூடியது, தேறாதது என்று பிரிப்பதுதான் வேலை என்று முடிவு செய்துவிட்டால் இரண்டும் ஒரே வேலையாகிவிடுகிறது.

தேன்மொழி அம்மா எழுதியது:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகனுக்கு பதினொரு வயது, ஆட்டிசம். அவனுக்குப் பேச்சு இல்லை. “ஐந்து ஆரோக்கியமான பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய தாய்க்குப் பாரம்” என்ற வரியைப் படித்ததும் கணினியை மூடிவிட்டேன். நல்லெண்ணத்தோடு இதே வரியை என்னிடம் சொன்னவர்கள் உண்டு, சொந்தத்தில், ஒரு கல்யாண வீட்டில்.

கூடல்நகரான் சார், பெற்றோர் என்ன செய்தார்கள்? எல்லோரும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்களா?

கூடல்நகரான் எழுதியது:

அம்மா, நேராகச் சொல்கிறேன். எல்லா மாதிரியும் இருந்தார்கள்.

பெரும்பாலானவர்களிடம் புதிய சிகிச்சை இருக்கிறது, கொஞ்சம் ஆபத்தானது, ஆனால் தேறலாம் என்று சொன்னார்கள். நம்பி அனுப்பினார்கள். 1941க்குப் பிறகு மறுக்கிற பெற்றோரிடம் பிள்ளை மீதான உரிமையைப் பறித்துவிடுவோம் என்று மிரட்டவும் வழி செய்தார்கள். புருஷன் போர்முனையில், மனைவி ஆயுதத் தொழிற்சாலையில், வீட்டில் எழுந்திருக்க முடியாத குழந்தை. அந்த நிலையில் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. வார்டுக்கே வந்து சண்டை போட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

சொல்லாமல் விட முடியாத ஒன்று: திட்டம் தொடங்கக் காரணமாகச் சொல்லப்படும் முதல் கேஸ், பெற்றோரே ஹிட்லருக்கு எழுதிய மனு. லைப்சிக்கில் பல குறைகளோடு பிறந்த குழந்தை, அதைக் கொல்ல அனுமதி கேட்டார்கள். ஹிட்லர் தன் மருத்துவர் கார்ல் பிராண்ட்டை அனுப்பினார். அங்கே காடெலின் மருத்துவமனையில் முடிந்தது. போருக்குப் பிறகு நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் பிராண்ட்டே சொன்னது இது.

ஆனால் வியன்னாவில் ஒரு தாயும் இருந்தார். செவிலி. மகனுக்கு நடக்கவும் பேசவும் வராது. 1940இல் ஷ்டைன்ஹோஃபிலிருந்து நோயாளிகளைக் கொல்வதற்காக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியதும் அவர் மற்ற குடும்பங்களைத் திரட்டிக் கடிதம் எழுதவைத்தார். நேரே பெர்லினுக்கே போய் அமைச்சகத்தில் பொறுப்பான அதிகாரியைப் பார்த்தார். தன் பிள்ளையையாவது விட்டுவிடச் சொல்லி யெகெலியுஸிடமும் கெஞ்சினார். 1941 பிப்ரவரியில் பையன் ஷ்பீகல்கிரண்டில் இறந்தான். நிமோனியா. போர் முடிந்ததும் அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பையனின் மூளையை எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்தது வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

ஓய்வுபெற்ற ஸ்டெத் எழுதியது:

தேன்மொழி அம்மாவுக்கு: அந்தக் கல்யாண வீட்டு வரியை நானும் ஒரு காலத்தில் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன். ‘குடும்பத்துக்குச் சுமை’ என்று. சமூக விவரம் என்ற கட்டத்தில். அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். பின்னாளில் எழுதுவதை நிறுத்தினேன், ஆனால் எழுதியது எழுதியதுதான்.

கூடல்நகரானிடம் ஒரு கேள்வி. ஜெர்மன் குழந்தை மருத்துவம் என்றால் நாங்கள் படித்த காலத்தில் கையெடுத்துக் கும்பிடுகிற துறை. ஃபிங்கெல்ஷ்டைன், பிர்கே, ஹாய்ப்னர். அவர்கள் கட்டிய துறை ஆறு வருடத்தில் இப்படி ஆக முடியுமா?

கூடல்நகரான் எழுதியது:

ஐயா, கட்டியவர்களைத் துரத்திவிட்டுத்தான் அப்படி ஆக்கினார்கள்.

1894இல் பெர்லின் ஷாரிட்டேயில் ஓட்டோ ஹாய்ப்னருக்குத்தான் ஜெர்மனியில் முதன்முதலாகக் குழந்தை மருத்துவத்துக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்போது ஜெர்மனியில் பிறக்கிற ஐந்து குழந்தைகளில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்காது. 1930க்குள் அது பத்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. பால் சமையலறை, தாய்மார் ஆலோசனை நிலையம், வீட்டுக்கே வந்து எடை பார்க்கிற செவிலி, எல்லாம் அந்தத் தலைமுறையின் வேலை.

அந்த வேலையைச் செய்தவர்களில் யூதர்கள் மிக அதிகம். பல்கலைக்கழகத்தில் பழைய பெரிய துறைகள் யூதர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தன. குழந்தை மருத்துவம் புதுசு, மதிப்பும் குறைவு, காசும் குறைவு. கதவு திறந்திருந்தது. பெண் மருத்துவர்களுக்கும் அதே கதைதான். 1933இல் ஜெர்மனியின் குழந்தை மருத்துவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் யூதர்கள், அல்லது நாஜிச் சட்டம் யூதர் என்று வகைப்படுத்தியவர்கள். வேறு எந்த மருத்துவப் பிரிவிலும் இந்த அளவு இருந்ததாகத் தெரியவில்லை.

1933 ஏப்ரல் 7 அன்று அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம். அதே மாதம் 22ஆம் தேதி காப்பீட்டு நோயாளிகளைப் பார்க்கத் தடை. 1938 செப்டம்பர் 30 அன்று மருத்துவ உரிமமே காலி. அதற்குப் பிறகு சில நூறு பேருக்கு, யூத நோயாளிகளை மட்டும் பார்க்கலாம் என்று அனுமதி. ஆனால் ‘மருத்துவர்’ என்று போர்டு போடக்கூடாது, ‘நோயாளிகளைக் கவனிப்பவர்’ என்றுதான் போட வேண்டும்.

நீங்கள் கும்பிட்ட ஃபிங்கெல்ஷ்டைன், புரதப் பாலைக் கண்டுபிடித்து வயிற்றுப்போக்குக் குழந்தைகளைக் காப்பாற்றியவர், எழுபது வயதுக்கு மேல் சிலிக்குப் போய் 1942இல் சாண்டியாகோவில் இறந்தார். பெர்லினில் மருத்துவமனைப் பொறுப்பில் இருந்த ஹெர்தா நாத்தோர்ஃப் நியூயார்க்கில் கரையேறினார். கணவரும் மருத்துவர். வீட்டு வேலையும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையும் செய்து கணவரைத் தேர்வு எழுதவைத்தார். அவர் மறுபடி மருத்துவரானார், இவர் கடைசிவரை ஆகவில்லை.

நல்லபடியாக முடிந்தது ஆல்பர்ட் எக்ஸ்டைன் கதை. டுசல்டார்ஃபில் பேராசிரியர் பதவியைப் பறித்தார்கள். 1935இல் துருக்கி அரசு அழைத்தது. அங்காராவில் குழந்தை மருத்துவத்தைக் கட்டி எழுப்பினார், அனடோலியக் கிராமங்களைச் சுற்றிச் சிசு மரணத்தைக் கணக்கெடுத்தார். ஜெர்மனி இழந்ததைத் துருக்கி பெற்றது. 1950இல் ஹாம்பர்க் அவரைத் திரும்ப அழைத்தது, அதே வருடம் இறந்துவிட்டார்.

வியன்னாவிலும் இதே கதை. ஆஸ்பெர்கரின் வார்டில் வேலை செய்த கியோர்க் ஃபிராங்கல், அன்னி வைஸ் இருவரும் யூதர்கள். அமெரிக்கா போனார்கள், லியோ கேனர் கைகொடுத்தார். ஆட்டிசம் பற்றி 1943இல் எழுதிய அதே கேனர். பாதிப் பேர் போனதும் பாதி நாற்காலி காலி. இளம் மருத்துவர்களுக்குப் பதவி உயர்வு. துறைக்குள்ளிருந்து பெரிதாக எதிர்ப்புக் குரல் வராததற்கு இதையும் ஒரு காரணமாகப் பார்க்கிறேன்.

எதிர்க்கேள்வி எழுதியது:

குண்டு விஷயத்துக்கு வருகிறேன் என்றீர்கள். மூன்று நாளாகக் காத்திருக்கிறேன்.

கூடல்நகரான் எழுதியது:

மன்னிக்கவும், பேத்திக்குக் காய்ச்சல்.

எக்ல்ஃபிங்-ஹார் மனநல மருத்துவமனை, மியூனிக் பக்கம். இயக்குநர் ஹெர்மன் ஃபான்முல்லர். 1939இல் பார்வையாளராக வந்த ஒரு ஆசிரியரிடம், எலும்பும் தோலுமான ஒரு குழந்தையை முயலைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்காட்டி, நாங்கள் விஷம் கொடுப்பதில்லை, உணவைக் குறைத்துக்கொண்டே போகிறோம் என்று விளக்கிய ஆள். இவர் 1940இல் தன் கீழிருந்த ஹோல்ட்செல் என்ற மருத்துவரைக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பேற்கச் சொல்கிறார். ஹோல்ட்செல் விடுமுறையில் போய் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார். திட்டத்தைக் கொள்கையளவில் எதிர்க்கக்கூட இல்லை. ஆனால் குளிர்ந்த மனதோடு, முறைவைத்து இதைச் செய்ய என்னால் முடியாது, நான் அதற்கு மிகவும் பலவீனமானவன் என்கிறார். பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். குண்டும் இல்லை, முகாமும் இல்லை. போருக்குப் பிந்தைய வழக்குகளில் “மறுத்திருந்தால் கொன்றிருப்பார்கள்” என்று சொன்னவர்கள் பலர். அப்படிக் கொல்லப்பட்ட ஒரு மருத்துவரைக் காட்ட அவர்களால் முடியவில்லை.

ஆட்சியை எதிர்த்துப் பேசியவர்களுக்குத் தண்டனை வந்தது உண்மை. அதை மறைக்கவில்லை. ருடால்ஃப் டெக்விட்ஸ், ஹாம்பர்க் பேராசிரியர். தட்டம்மைக்கு, நோய் தேறியவர்களின் சீரத்தைக் கொடுத்துத் தடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர். வேடிக்கை என்னவென்றால் 1923இல் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்ற மியூனிக் கலகத்திலேயே அவரோடு நின்ற பழைய நாஜி. பிறகு கசந்து விலகினார், கடிதங்களில் ஆட்சியைத் திட்டினார். 1944இல் மக்கள் நீதிமன்றம் என்ற நாஜி அரசியல் நீதிமன்றம் ஏழு வருடம் சிறை கொடுத்தது. படிவத்தை நிரப்ப மறுத்ததற்காக அல்ல, வாயைத் திறந்ததற்காக. இரண்டையும் குழப்பக்கூடாது. போர் முடிந்ததும் தன் ஊரில் ரோத்தன்பர்க்ஸோர்ட் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்த கொலைகளைத் தோண்டச் சொல்லி அலைந்தவரும் இவர்தான். 1949இல் ஹாம்பர்க் நீதிமன்றம், அந்த மருத்துவர்களுக்குத் தாங்கள் செய்வது சட்டவிரோதம் என்ற உணர்வு இருந்ததாக நிரூபிக்க முடியாது என்று வழக்கை விசாரணைக்கே எடுக்கவில்லை. அதற்குள் அவர் அமெரிக்கா போய்விட்டிருந்தார்.

எதிர்க்கேள்வி எழுதியது:

ஹோல்ட்செல் கடிதம் எனக்குப் புதிது. குண்டு என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அன்றைக்கு அவர்களுக்கும் குண்டு வராது என்று தெரியாதே, பயம் பயம்தானே என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கூடல்நகரான் எழுதியது:

நிற்கட்டும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெள்ளைக்காக்கை எழுதியது:

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? தூக்கில் போட்டார்களா?

கூடல்நகரான் எழுதியது:

சிலரை. பிராண்ட்டை 1948இல். ஷ்பீகல்கிரண்டின் இரண்டாவது தலைவர் எர்ன்ஸ்ட் இல்லிங்கை 1946இல். ஃபான்முல்லருக்கு ஐந்து வருடம்.

காடெல்? 1954இல் கீல் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியர். பத்திரிகைகள் கிளறியதும் 1960இல் முன்கூட்டியே ஓய்வு. 1981இல் படுக்கையில் சாவு. யூசுஃப் இப்ராஹிம் என்று யேனாவில் ஒருவர், கெய்ரோவில் பிறந்தவர், ஊரே ‘அப்பா’ என்று கொண்டாடிய குழந்தை மருத்துவர். கிழக்கு ஜெர்மனி அரசு தேசியப் பரிசு கொடுத்தது, மருத்துவமனைக்கே அவர் பெயர். பிள்ளைகளைக் கொல்வதற்கான பிரிவு இருந்த ஷ்டாட்ரோடாவுக்கு அவர் அனுப்பிவைத்த கடிதங்கள் வெளியே வந்த பிறகு 2000இல்தான் பெயரை இறக்கினார்கள். பொதுவுடைமை ஆட்சியும் மறைத்தது, மேற்கும் மறைத்தது.

எல்லாவற்றையும் விட ஹைன்ரிஹ் கிராஸ். ஷ்பீகல்கிரண்டில் வேலை செய்தவர். ஜாடியில் வைத்திருந்த குழந்தைகளின் மூளைகளை வைத்துப் போருக்குப் பிறகு பல வருடம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். ஆஸ்திரியாவில் நீதிமன்ற மனநல நிபுணர்களில் முன்னணி, 1975இல் அரசின் அறிவியல் விருது. அதே வருடம் ஒரு கைதியைப் பரிசோதிக்கப் போகிறார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஃபிரீட்ரிஹ் ஸாவ்ரெல், ஷ்பீகல்கிரண்டிலிருந்து தப்பிய சிறுவன், இப்போது நாற்பது தாண்டியவர். ஸாவ்ரெல் அடையாளம் கண்டு கேட்டுவிட்டார். கிராஸ் என்ன செய்தார் தெரியுமா? இந்த ஆள் ஆபத்தானவன், திருந்தமாட்டான் என்று அறிக்கை எழுதினார். அதில் பழைய ஷ்பீகல்கிரண்ட் கோப்பிலிருந்தே மேற்கோள் எடுத்தார்.

2000இல் கிராஸ் மீது வழக்கு வந்தது. மறதி நோய், விசாரிக்க முடியாது என்று ஒத்திவைத்தார்கள். 2005இல் செத்துப்போனார். மூளைகளை 2002 ஏப்ரலில் வியன்னா மத்திய மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஓய்வுபெற்ற ஸ்டெத் எழுதியது:

மூளையைத் தாக்கும் ஓர் அரிய பரம்பரை நோயை நான் ஹாலர்வோர்டன்-ஷ்பாட்ஸ் நோய் என்று படித்து, அப்படியே ஒரு தலைமுறைக்குச் சொல்லியும் கொடுத்தேன். இப்போது பிகேஏஎன் என்கிறார்கள். ஹாலர்வோர்டன் கொலையுண்டவர்களின் மூளைகளை வாங்கிக் குவித்தவர் என்று ரிட்டயர்மெண்டுக்குப் பக்கத்தில்தான் தெரிந்தது. தம்பி, உங்கள் சீனியர் குழம்பியது இதையெல்லாம் சேர்த்துத்தான் இருக்கும். அங்கே பெயரை எடுத்தது இந்தக் காரணத்துக்காகவே.

தேன்மொழி அம்மா எழுதியது:

பெயர் இருந்தால் என்ன, போனால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸாவ்ரெல் விஷயத்தில் கோப்பு அவர் பின்னாலேயே முப்பது வருடம் வந்திருக்கிறது. இன்று என் மகனின் ஃபைலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஆறு மருத்துவமனை, நாற்பத்தி மூன்று தாள். அவனுக்குத் தண்ணீர் பிடிக்கும், ஊஞ்சல் பிடிக்கும் என்று எழுதியிருப்பது ஒரே ஒரு தாளில், பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் எழுதியது.

வார்டு நாலு எழுதியது:

அந்த அப்பா அடுத்த வாரம் ரிவியூவுக்கு வருகிறார். அவரிடம் இவ்வளவையும் சொல்லப்போவதில்லை, அவர் கேட்டது வேறு.

ஃபீனோபார்ப் கொடுத்த குழந்தை வார்டுக்கு மாறியாயிற்று, பால் குடிக்கிறது.

மட்டுறுத்துநருக்கு: நான் தலைப்பில் கேட்ட கேள்விக்கும் இழை போன இடத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. மாற்ற முடியுமா?

மட்டுறுத்துநர் எழுதியது:

பழைய தலைப்பைத் தேடி வருபவர்கள் இருப்பார்கள், அதை எடுக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் இரண்டாவதைச் சேர்த்திருக்கிறேன்.